பக்கத்து சீட்டுக் கணக்கு

இதைப் படிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. உங்கள் மணிக்கட்டை ஒரு தடவை நாக்கால் நக்கிவிட்டு, சில விநாடிகள் காயவிட்டு, மோந்து பாருங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து படிப்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யலாம். பக்கத்து சீட்காரர் என்ன நினைப்பாரோ என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். சொல்லப்போனால், இந்த வாரம் முழுக்க அந்தப் பக்கத்து சீட்காரரைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

விஷயம், வாய் நாற்றம். முகம் சுளிக்காதீர்கள். பழந்தமிழில் ‘நாற்றம்’ என்றால் நறுமணம் என்றும் அர்த்தம் உண்டு. நாம்தான் அந்த வார்த்தையை இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டோம்.

வாய் நாற்றத்தால் ஒரு மனிதரின் ‘வாழ்க்கைத் தரம்’ எவ்வளவு குறைகிறது என்று அளந்து மார்க் போடுகிற கேள்வித்தாள்கள் இருக்கின்றன. விளையாட்டில்லை. பல் மருத்துவ ஆராய்ச்சியில் இது ஒரு தனிப் பிரிவு. சில கேள்வித்தாள்களை உட்கார்ந்து படித்தேன். பாராட்டுவதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

*

பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால், பி.காம். முடித்த கையோடு, ஒரு தனியார் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் மூன்று வருடம் குப்பை கொட்டினேன். எனக்கு எதிர் மேஜையில் ஒரு சீனியர். பேர் வேண்டாம், சீனியர் என்றே வைத்துக்கொள்வோம். பாங்க் ரீகன்சிலியேஷனில் மன்னர். மூணு ரூபாய் எழுபது பைசா இடிக்கிறது என்றால் நாங்கள் ராத்திரி வரை முட்டிக்கொள்வோம். அவர் வந்து பக்கத்தைப் புரட்டி, ‘இதோ இங்க இருக்கு பாரு’ என்று விரலை வைப்பார். விரலை வைக்கிற நேரத்தில் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். வியப்பினால் அல்ல.

ஆமாம். அவர் வாயைத் திறந்தால் அரை மேஜை தூரத்துக்கு நிற்க முடியாது.

வவுச்சரை அவர் மேஜையில் வைத்துவிட்டு ரெண்டடி பின்னால் நகர்ந்து நின்று சந்தேகம் கேட்போம். மத்தியானம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மற்றவர்களுக்கு எப்படியோ வேலை வந்துவிடும். வெளியூர் கிளைக்குப் பொறுப்பாளர் பதவி ஒன்று வந்தது. சீனியாரிட்டிப்படி அவருக்குத்தான் போயிருக்க வேண்டும். மேனேஜர் சொன்ன ஒரே காரணம்: ‘பார்ட்டிங்க முன்னாடி அவரை உட்கார வைக்க முடியாதுப்பா.’ இதை அவரைத் தவிர எல்லோரிடமும் சொன்னார்.

யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் ஒருநாள் அவருடைய டிராயரில் ஏலக்காய் பாக்கெட் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். மனிதர் அதைப் பிரித்து எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ரெண்டாகக் கொடுத்தார். ‘யாரோ பிரியமா வெச்சிருக்காங்கப்பா’ என்றார். நாங்களும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டோம்.

இப்போது கேள்வித்தாளுக்கு வருவோம்.

*

இந்தத் துறையில் உலகம் முழுக்கப் புழங்குகிற கேள்வித்தாளின் பெயர் ‘ஓஹிப்-14’. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஸ்லேட், ஸ்பென்சர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் 49 கேள்விகளோடு ஒன்றை உருவாக்கினார்கள். நீளம் அதிகம் என்று 1997-ல் ஸ்லேட் அதை 14 கேள்விகளாகச் சுருக்கினார். வலி இருந்ததா, சாப்பிடச் சங்கடமாக இருந்ததா, கூச்சப்பட்டீர்களா, எரிச்சல்பட்டீர்களா, வேலை கெட்டதா, வாழ்க்கையே சப்பென்று ஆகிவிட்டதா என்ற ரீதியில் போகும். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 0, ‘மிக அடிக்கடி’ என்றால் 4. மொத்தம் 56. எவ்வளவு அதிகமோ அவ்வளவு அவஸ்தை.

49 கேள்விகள் இருந்தபோது, ‘உங்கள் மூச்சு வாசனை கெட்டுப்போனதாக உணர்ந்தீர்களா’ என்று ஒரு கேள்வி இருந்தது. 14 ஆகச் சுருக்கியபோது அதைத் தூக்கிவிட்டார்கள். தப்பு சொல்ல முடியாது. புள்ளியியல் கணக்குப் போட்டு, 49 கேள்விகளில் தெரிகிற வித்தியாசத்தில் 94 சதவீதத்தை இந்தப் பதினான்கே காட்டிவிடுகிறது என்று நிரூபித்துவிட்டுத்தான் சுருக்கினார்கள். கெட்டிக்காரத்தனமான சிக்கனம்தான். ஆனால், மிச்சம் இருக்கிற 6 சதவீதத்தில்தான் எங்கள் சீனியர் உட்கார்ந்திருக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்தக் குறையைத் தீர்க்கிற மாதிரி, வாய் நாற்றத்துக்காகவே அளவெடுத்துத் தைத்த கேள்வித்தாள் ஒன்று 2011-ல் அமெரிக்காவிலிருந்து வந்தது. ‘ஹால்ட்’ என்று பெயர். 20 கேள்விகள். நாற்றத்தால் உங்களுக்கு எவ்வளவு மனக் கஷ்டம், எவ்வளவு தயக்கம் என்று நேரடியாகவே விசாரிக்கும்.

எங்கள் சீனியரிடம் அந்தக் காலத்தில் இதைக் கொடுத்திருந்தால் என்ன மார்க் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பூஜ்யம். பேச்சில் தயக்கமா? கிடையாது. கூச்சமா? எதுக்குப்பா? மற்றவர்கள் விலகிப் போகிறார்களா? ‘சின்னப் பசங்க, வேலை ஜாஸ்தி.’ இருபதுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, எங்களுக்கு ஏலக்காய் கொடுத்திருப்பார். கேள்வித்தாளின்படி அவருடைய வாழ்க்கைத் தரம் பிரமாதம். பதவி போனது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாமல் போனது, எதுவுமே அதில் பதிவாகாது.

*

இதற்கு நேர் எதிரான கேஸ் ஒன்று. ஒரு வாசகி எழுதியிருந்தார். வயது இருபதுகளில். தினம் ஐந்து தடவை பல் தேய்க்கிறார். பேசும்போது வாய்மேல் கை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் வெளிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் பக்கத்தில் இருப்பவர் மூக்கைத் தொட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது. யாராவது ஃபேனைக் கூட்டி வைத்தால், ஜன்னலைத் திறந்தால், எல்லாம் இவருக்கு எதிரான சாட்சி. மூன்று பல் டாக்டர்களைப் பார்த்துவிட்டார். மூன்று பேரும் ‘ஒண்ணுமே இல்லம்மா’ என்கிறார்கள். அம்மாவும் அதையேதான் சொல்கிறாராம். ‘பாவம்னு எல்லாரும் பொய் சொல்றாங்க சார்’ என்று முடித்திருந்தார்.

இவரிடம் கேள்வித்தாளைக் கொடுங்கள். மார்க் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

ஆக, நாற்றம் இருக்கிறவருக்கு பூஜ்யம். இல்லாதவருக்கு ஃபுல் மார்க். தெர்மாமீட்டர் இப்படி நடந்துகொண்டால் உடைத்துக் குப்பையில் போட்டிருப்போம் இல்லையா?

அவசரப்படாதீர்கள், உடைக்க வேண்டாம். அந்தப் பெண்ணின் கஷ்டம் பொய்யில்லை. நாற்றம்தான் பொய். டாக்டர்களுக்கு இது புதுசும் இல்லை. 1971-ல் பிரைஸ்-ஃபிலிப்ஸ் என்ற மருத்துவர் இந்த நிலைமைக்குப் பெயர் வைத்து எழுதினார். தன் உடம்பிலிருந்து கெட்ட வாடை வருகிறது, அதனால்தான் எல்லோரும் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று நம்பித் தவிக்கிற நோய். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடமே கொடுத்துவிட்டார்கள். ஜப்பானிய நிபுணர்கள் அதற்கும் முன்பே, 1999 வாக்கில், வாய் நாற்றம் என்று வருகிறவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். நிஜமாகவே நாற்றம் உள்ளவர்கள். நாற்றம் இல்லாமலே இருக்கிறது என்று வந்து, எடுத்துச் சொன்னால் சமாதானமாகிறவர்கள். என்ன சொன்னாலும் சமாதானம் ஆகாதவர்கள். மூன்றாவது பிரிவுக்குப் பல் டாக்டர் போதாது, மனநல டாக்டரும் வேண்டும்.

கேள்வித்தாள் இல்லாவிட்டால் இந்தப் பெண்ணைப் போன்றவர்கள் ‘ஒண்ணுமில்ல, போயிட்டு வா’ என்று திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். கருவி பூஜ்யம் காட்டுகிறது, கேள்வித்தாள் உச்சத்தில் நிற்கிறது என்றால், இங்கே வேறு ஏதோ சங்கதி இருக்கிறது என்று டாக்டருக்கு மணி அடிக்கும். அந்த ஒரு காரியத்துக்காகவே கேள்வித்தாளுக்கு ஒரு சல்யூட். பாராட்டு முடிந்தது. இனி சண்டை.

*

கருவி என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். நாக்கின் பின்பக்கத்திலும் ஈறு இடுக்குகளிலும் குடியிருக்கிற பாக்டீரியாக்கள், சாப்பாட்டு மிச்சத்திலும் எச்சிலிலும் இருக்கும் புரதத்தைச் சிதைத்து கந்தக வாயுக்களை வெளியே விடுகின்றன. முக்கியமான குற்றவாளிகள் இரண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு, இது அழுகின முட்டை. மெத்தில் மெர்காப்டன், இது அழுகின முட்டைக்கோஸ். பின்னவரின் நெருங்கிய சொந்தக்காரர் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறார். கேஸ் கசிந்தால் தெரிவதற்காக சிலிண்டரில் கலக்கிறார்களே எத்தில் மெர்காப்டன், அவர்தான்.

இந்த வாயுக்களை அளக்க ‘ஹாலிமீட்டர்’ என்ற கருவி 1990-களில் வந்தது. ஆனாலும் இன்றைக்கு வரை கடைசித் தீர்ப்பு சொல்வது மனித மூக்குதான். பழக்கப்பட்ட நடுவர் ஒருவர் பக்கத்தில் வந்து மோந்து, 0 முதல் 5 வரை மார்க் போடுவார். 0 என்றால் வாசனையே இல்லை. 5 என்றால் நடுவருக்கு நம் அனுதாபங்கள். பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாலிருந்தே பூண்டு, வெங்காயம், மசாலா எதுவும் கூடாது. நம் ஊரில் அந்த ரெண்டு நாளை எப்படி ஓட்டுவது என்பது தனி ஆராய்ச்சி.

ஏன் நம் மூக்கே நமக்கு நடுவராக இருக்க முடியாது? முடியாது. எப்போதும் கூடவே இருக்கிற வாசனையை மூக்கு கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. கருவாட்டுக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் மெல் ரோசன்பெர்க் குழு 1995-ல் இதைச் சோதித்து எழுதியது. தங்கள் வாய் வாசனைக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மார்க்கும் நடுவர் போட்ட மார்க்கும் ஒத்துப்போகவில்லை. எச்சிலை வெளியே எடுத்து மோந்தபோது மட்டும் கொஞ்சம் தேவலை. உங்களை மணிக்கட்டை நக்கச் சொன்னது அதனால்தான்.

தன் நாற்றம் தனக்குத் தெரியாது என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது. பிறகு அதே ஆளைக் கூப்பிட்டு, ‘உன் நாற்றத்தால் உன் வாழ்க்கை எவ்வளவு கெட்டது, நீயே மார்க் போடு’ என்றால் என்ன நியாயம்?

*

பி.காம். முதல் வருடத்தில் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் பற்று எழுதினால் எங்கேயோ ஒரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். ஒற்றைப் பதிவில் எழுதின கணக்கை எந்த ஆடிட்டரும் அப்படியே நம்பமாட்டார். வாய் நாற்றக் கேள்வித்தாள் எனக்கு ஒற்றைப் பதிவுக் கணக்காகத்தான் தெரிகிறது. சீனியரின் நஷ்டம் சீனியரின் பேரேட்டில் இல்லை. அது மேனேஜரின் பேரேட்டில் இருந்தது. என் பேரேட்டில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் எழுந்து போன ஆறு பேரின் பேரேட்டில் இருந்தது. அதை யாரும் தணிக்கை செய்யவே இல்லை.

கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஒரு கதை சொல்லியிருக்கிறார். சிராக்யூஸ் நகரத்தை ஆண்ட ஹீரோன் என்கிற மன்னனிடம் ஒரு எதிரி, ‘உன் வாய் நாறுகிறது’ என்று சொல்லிவிட்டான். மன்னன் கொதித்துப்போய் வீட்டுக்கு வந்து, ‘இத்தனை நாளா நீ ஏன் சொல்லலை?’ என்று மனைவியைக் கேட்டான். ‘ஆம்பளைங்க எல்லார் வாயும் இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்’ என்றாளாம் அந்தப் பத்தினி. எதிரிகளாலும் நமக்குப் பிரயோஜனம் உண்டு என்பதற்குப் புளூட்டார்க் இந்தக் கதையைச் சொல்கிறார். எனக்கு அந்த ராணிதான் ஞாபகத்தில் நிற்கிறாள். அவளுடைய வாழ்க்கைத் தரத்தை எந்தக் கேள்வித்தாள் கேட்டது?

நம் ஊரில் எத்தனை ராணிகள் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பீடியும் பான்பராக்கும் ஊறின வாய்க்குப் பக்கத்தில் முப்பது வருடம் படுத்து எழுந்தவர்கள். அவர்களை யாரும் கேட்டதில்லை. சொல்லவும் அவர்களுக்கு வழியில்லை.

பக்கத்தில் இருப்பவரிடமும் ஒரு கேள்வித்தாள் கொடுப்பது ஒன்றும் நடக்காத காரியமில்லை. குழந்தைகளின் பல் பிரச்னைக்கு அப்பா அம்மாவிடம் தனிக் கேள்வித்தாள் கொடுத்து பதில் வாங்குகிறார்கள். டொரன்டோ ஆராய்ச்சியாளர்கள் 2003-லேயே அதைச் செய்துவிட்டார்கள். ஞாபக மறதி நோயாளிகளுக்குப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்கிறார்கள். தனக்குத் தெரியாததைச் சொல்ல முடியாதவர்களுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறதென்றால், வாய் நாற்றக்காரரை விடப் பொருத்தமான ஆள் யார்?

*

இரண்டாவது சண்டை, இந்தக் கேள்விகள் யாருக்காக எழுதப்பட்டவை என்பது.

‘வாழ்க்கைத் தரம்’ என்றால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. ஒருவர் தான் வாழும் பண்பாட்டுக்கும் மதிப்பீடுகளுக்கும் நடுவில், தன் எதிர்பார்ப்புகளை வைத்து, தன் நிலைமையைத் தானே எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் அதன் சாரம். 1990-களில் இதை அளக்க 100 கேள்விகள் தயாரித்தபோது உலகத்தில் 15 ஊர்களில் ஒரே நேரத்தில் வேலை நடந்தது. அதில் நம் சென்னையும் ஒன்று. வெள்ளைக்காரன் எழுதி நாம் மொழிபெயர்ப்பது என்று இல்லாமல், ஆரம்பத்திலிருந்தே நம்மவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். முறை என்றால் அதுதான் முறை.

வாய் நாற்றக் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் அங்கே எழுதி இங்கே மொழிபெயர்க்கப்பட்டு வருகின்றன. அங்கே ஒரு ஆளுக்கு ஒரு கார். இங்கே ஷேர் ஆட்டோவில் எட்டு பேர். அங்கே காதலியிடம் பேசத் தயக்கமா என்பது பிரச்னை. இங்கே பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டு அத்தை பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து ரெண்டு நிமிஷம் பேசுவதே பரீட்சை. ரேஷன் வரிசை, பஸ் படிக்கட்டு, ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீடு, இதெல்லாம் எந்தக் கேள்வியில் வரும்?

இன்னொன்றும் உண்டு. கொஞ்சம் கசப்பானது. நம் ஊரில் ‘நாறுது’ என்பது எப்போதும் மூக்கு சொல்கிற வார்த்தை இல்லை. பல நேரம் சாதி சொல்கிற வார்த்தை. என்ன சாப்பிடுகிறான், என்ன வேலை செய்கிறான், எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று தெரிந்ததுமே சிலருக்கு வாடை வந்துவிடும். பக்கத்து சீட்காரரையும் கேளுங்கள் என்று மேலே நானே சொன்னேன். அவர் போடுகிற மார்க்கில் இந்த அழுக்கும் சேர்ந்து வரும் என்பதையும் நானே சொல்லிவிட வேண்டும். அதனால்தான் கருவி, நடுவர் மூக்கு, சம்பந்தப்பட்டவர், பக்கத்தில் இருப்பவர் என்று நாலு கணக்கையும் பக்கம் பக்கமாக வைத்து டாலி பண்ண வேண்டும் என்கிறேன். எது எங்கே இடிக்கிறது என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

*

மூன்றாவது சண்டை வியாபாரிகளோடு. ‘வாய் நாற்றம் வாழ்க்கையைக் கெடுக்கிறது’ என்று முதலில் பெரிய அளவில் பிரசாரம் செய்தவர் டாக்டர் இல்லை.

1879-ல் அமெரிக்காவில் ஒரு கிருமிநாசினி கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன்களில் கிருமியை ஒழித்த ஜோசப் லிஸ்டர் என்ற ஆங்கிலேய டாக்டரின் நினைவாக அதற்கு லிஸ்டரின் என்று பெயர். புண்ணைக் கழுவ என்று ஆரம்பித்து, என்னென்னவோ உபயோகம் சொல்லி விற்றுப் பார்த்தார்கள். 1920-களில் முதலாளி ஜெரார்ட் லாம்பர்ட்டுக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. ‘ஹாலிடோசிஸ்.’ 1874-லேயே ஒரு டாக்டர் புத்தகத்தில் எழுதியிருந்த, யாரும் சீண்டாத வார்த்தை. வாய் நாற்றம் என்றால் கேவலம். ஹாலிடோசிஸ் என்றால் நோய். நோய் என்றால் மருந்து. தோழிகள் எல்லோருக்கும் கல்யாணம் ஆகிறது, இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஆகவில்லை, ஏன் என்று அவளுக்கே தெரியாது என்கிற மாதிரி விளம்பரங்கள் வந்தன. ஏழே வருடத்தில் கம்பெனி வருமானம் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் டாலரிலிருந்து 80 லட்சம் டாலரைத் தாண்டியது என்று ‘ஃப்ரீக்கனாமிக்ஸ்’ புத்தகம் (2005) சொல்கிறது.

‘உனக்கே தெரியாது, யாரும் சொல்லமாட்டார்கள்’ என்ற அந்த வரியில் இருக்கிற சாமர்த்தியத்தைப் பாருங்கள். அது பொய்யும் இல்லை, அதுதான் விசேஷம். எங்கள் சீனியரின் கதையேதான் அது. ஆனால் அந்த விளம்பரம் சீனியரைப் போய்ச் சேரவில்லை. அவர் அதைப் பார்த்தாலும் ‘யாருக்கோ’ என்று பக்கத்தைத் திருப்பியிருப்பார். நேராகப் போய்க் குத்தியது, நாற்றமே இல்லாத, பயந்த சுபாவமுள்ள அந்த வாசகியைப் போன்றவர்களைத்தான். வாடிக்கையாளரும் அவர்கள்தான்.

அதே கம்பெனி ஜலதோஷத்துக்கும் தொண்டை வலிக்கும் அது நல்லது என்று பல வருடம் விளம்பரம் செய்தது. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 1975-ல் அது சரியில்லை என்று உத்தரவு போட்டது. கம்பெனி கோர்ட்டுக்குப் போய் 1977-ல் தோற்றது. ‘ஜலதோஷத்தை இது தடுக்காது’ என்று ஒரு கோடி டாலர் விளம்பரச் செலவு தீரும்வரை தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. வாய் கழுவுகிற மருந்தே வாயைக் கழுவிக்கொண்ட சம்பவம்.

மவுத்வாஷே வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டர் சொன்னால், சொன்ன நாளுக்கு, உபயோகியுங்கள். என் பயம் வேறு. ‘உங்கள் வாழ்க்கைத் தர மார்க் என்ன?’ என்று கேட்கிற தாளை ஆராய்ச்சியாளர் கையிலிருந்து விற்பனைப் பிரதிநிதி வாங்கிக்கொண்டால், 1920-களின் விளம்பரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. பயத்தை அளக்கிற கருவியை வைத்தே பயத்தை விதைக்கலாம்.

*

சரி, உங்களுக்கு உபயோகமாக நாலு வார்த்தை.

வாய் நாற்றத்தில் பெரும்பகுதி வாயிலேயே உற்பத்தியாவது. ‘வயித்துல கோளாறு’ என்று ஜீரண மாத்திரையை முழுங்கிக்கொண்டே இருக்காதீர்கள். முதலில் பல் டாக்டரைப் பாருங்கள். நம் தாத்தா பாட்டிகள் உபயோகித்த நாக்கு வழிப்பானைத் தூக்கி எறியாதீர்கள். ரத்தம் வருகிற மாதிரி சுரண்டவும் வேண்டாம். பல் இடுக்குகளைச் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் குடியுங்கள், எச்சில் வற்றினால் வாசனை கூடும். காலையில் எழுந்ததும் வருகிற வாசனை எல்லோருக்கும் உண்டு, அதற்காகக் கவலைப்படாதீர்கள். பூண்டு சாப்பிட்டால் அதன் வாசனை ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வரும். பல் தேய்த்துப் பிரயோஜனமில்லை, நேரம்தான் மருந்து.

நம்புகிற ஒரே ஒரு ஆளிடம் கேளுங்கள். வீட்டில் பத்து வயதுக் குழந்தை இருந்தால் இன்னும் நல்லது, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. டாக்டரும் வீட்டில் இருப்பவர்களும் ‘இல்லை’ என்று சொன்ன பிறகும் உங்களுக்கு ‘இருக்கிறது’ என்று தோன்றிக்கொண்டே இருந்தால், ஆறாவது தடவை பல் தேய்க்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் ஒரு அவமானமும் இல்லை. அந்த வாசகிக்கும் இதைத்தான் எழுதினேன்.

*

சீனியரைப் பல வருடம் கழித்து மாம்பலம் ஸ்டேஷனில் பார்த்தேன். ரிட்டயர் ஆகியிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் வந்து நின்று பேசினார். பழக்க தோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தேவையே இருக்கவில்லை. வாசனை இல்லை. மேல்வரிசையில் பற்களும் பாதி இல்லை.

‘ஈறு எல்லாம் போயிடுச்சுப்பா. சுகர் வேற இருந்திருக்கு, அதுவும் இதோட சேர்ந்துதான் தெரிஞ்சுது. தெருவுல ஒரு இலவசப் பல் கேம்ப் போட்டாங்க. காலேஜ் பொண்ணு ஒண்ணு, என் பேத்தி வயசு இருக்கும், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துட்டு, ‘தாத்தா, உங்களுக்கு வாய் ரொம்ப நாறுது, ஈறு கெட்டுப்போயிருக்கு, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க’ன்னு சொல்லிச்சு. பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்துது. ஆனா அதுதான் என்னைக் காப்பாத்திச்சு.’

ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கிறவை. ஒன்று முற்றினால் இன்னொன்றையும் கட்டுப்படுத்துவது கஷ்டம். சீக்கிரம் தெரிந்திருந்தால் பல பற்கள் மிஞ்சியிருக்கும்.

ட்ரெயின் வருகிற சத்தம் கேட்டது. கிளம்பும்போது சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

‘மூணு வருஷம் எனக்கு எதிர்லயே உட்கார்ந்திருந்தியேப்பா. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?’

‘சார்...’ என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்த ஏலக்காய் பாக்கெட்டை அவருடைய டிராயரில் வைத்தது நான்தான் என்பதைக்கூடச் சொல்லவில்லை.

உங்கள் எதிர் மேஜையிலும் ஒருவர் இருக்கலாம். ஏலக்காய் வைக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, ‘சார், தப்பா நினைக்காதீங்க, ஒரு தடவை பல் டாக்டரைப் பார்த்துடுங்க’ என்று சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் உங்களோடு பேசமாட்டார். பரவாயில்லை, அந்த நஷ்டத்தை உங்கள் பேரேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.